ஆப்ல பச்சை, ஃபோர்க்ல 39 மில்லிமீட்டர்

இந்த பாட்காஸ்ட்ல வழக்கமா சர்வர், டேட்டாபேஸ்னுதான் பேசிட்டு இருப்பேன். இன்னைக்கு கொஞ்சம் கிரீஸ் கையில ஒட்டும். ஃபோர்க்லிஃப்ட் பத்திப் பேசப்போறேன். அதோட தேய்மானம், அதுல எந்த பார்ட்டை எப்போ மாத்தணும், நான் எழுதின ஒரு ஆப் அந்த விஷயத்துல எப்படித் தப்பு பண்ணுச்சு, இதுதான் கதை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பைக்ல போனவங்களுக்குத் தெரியும். ரோட்டோட ரெண்டு பக்கமும் ஷெட் ஷெட்டா குடோன். அதுல ஒண்ணுக்கு நாங்க ஒரு செக்லிஸ்ட் ஆப் பண்ணிக் கொடுத்தோம். எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், அது இங்க தேவையும் இல்ல. ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிரைவர் போனைத் திறந்து டிக் பண்ணணும். டயர் சரியா இருக்கா? பிரேக்? ஹாரன்? ஆயில் ஒழுகுதா? செயின் சரியா? ஃபோர்க் சரியா? எல்லாத்துக்கும் ‘ஆம்’ போட்டா வண்டி பச்சை. ஒண்ணுல ‘இல்லை’ போட்டா சிவப்பு, உடனே மெக்கானிக்குக்கு மெசேஜ் போயிடும். டேஷ்போர்டுல வரிசையா பச்சைக் கட்டம். பார்க்கவே அழகா இருக்கும். டெமோ காட்டும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாவே இருந்தது.

ஒருநாள் வேற ஒரு பிரச்சனைக்காக அங்க போனேன். ரேக்குங்களுக்கு நடுவுல சிக்னல் கிடைக்காம போட்டோ அப்லோடு ஆகல. அதைப் பார்த்துட்டு இருந்தப்போ அங்க இருக்கற மெக்கானிக் அண்ணன் கூப்பிட்டார். ஐம்பது வயசு தாண்டினவர், அதிகம் பேச மாட்டார்.

“தம்பி, மூணாம் நம்பர் வண்டி உங்க ஆப்ல என்ன கலர்?”

“பச்சைதான்ணா.”

“இங்க கொஞ்சம் வாங்க.”

அது ஒரு 3 டன் டீசல் வண்டி. அண்ணன் ஃபோர்க்கை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, அடியில மரக்கட்டை முட்டுக் கொடுத்துட்டு, வண்டியை ஆஃப் பண்ணி சாவியை எடுத்துட்டார். அப்புறம் ஒரு வெர்னியர் காலிப்பரை என் கையில கொடுத்தார். காலேஜ்ல முதல் வருஷ பிசிக்ஸ் லேப்ல பிடிச்சது, அதுக்கப்புறம் அன்னைக்குத்தான்.

ஃபோர்க் ‘எல்’ எழுத்து மாதிரி இருக்கும். நிமிர்ந்து நிக்கற பாகம் வண்டியில மாட்டியிருக்கும், படுத்திருக்கற பாகம் பேலட்டுக்குள்ள போகும். நிமிர்ந்த பாகம் தரையில உரசறதே இல்ல, அதனால வாங்கினப்போ இருந்த தடிமன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதல்ல அதை அளக்கச் சொன்னார். 45 மில்லிமீட்டர். அடுத்து அந்த வளைவு, அதாவது ‘எல்’ மடங்கற இடம். அதுக்குப் பேரு ஹீல், குதிகால். செருப்பு முதல்ல எங்க தேயுமோ அங்கேயேதான் ஃபோர்க்கும் தேயுது. அங்க வெச்சேன். 39.

“எவ்வளவு?”ன்னு கேட்டார். சொன்னேன். “40.5க்குக் கீழ வந்தா கழட்டிடணும்”னார்.

அந்த 40.5 எங்க இருந்து வருது? ஃபோர்க்கைப் பரிசோதிக்கறதுக்குன்னே ஐஎஸ்ஓ 5057ன்னு ஒரு தரநிலை இருக்கு. மூலத் தடிமன்ல 10 சதவீதம் தேஞ்சா அந்த ஃபோர்க் அப்புறம் வேலைக்கு ஆகாது. 45ல 10 சதவீதம் 4.5, மிச்சம் 40.5. இதுக்குன்னே தனி காலிப்பர் விற்கறாங்க. வெளிப்பக்கத் தாடையை நிமிர்ந்த பாகத்துல வெச்சு செட் பண்ணிட்டு, உள்பக்கத் தாடையை ஹீல்ல நுழைக்கணும். நுழைஞ்சிடுச்சுன்னா ஃபோர்க் முடிஞ்சது. நம்பர் படிக்கவே தேவையில்ல.

சரி, 10 சதவீதம்தானே, ஏன் இவ்வளவு பயம்? இங்க என் இன்ஜினியரிங் டிகிரி கொஞ்சம் உதவுச்சு. வளைக்கற விசையைத் தாங்கற திறன் தடிமனோட வர்க்கத்தைப் பொறுத்தது. 10 சதவீதம் தேஞ்சா 0.9 பெருக்கல் 0.9, அதாவது 0.81. தடிமன்ல பத்து போனா பலத்துல 19 சதவீதம் போச்சு. நம்ம மூணாம் நம்பர் வண்டிக்கு 39ஐ 45ஆல வகுத்து வர்க்கப்படுத்தினா கிட்டத்தட்ட 0.75. கால்வாசி பலம் காணோம். வண்டியில ஒட்டியிருக்கற கெபாசிட்டி பிளேட் மட்டும் இன்னும் 3 டன்னுதான் சொல்லிட்டு இருக்கு. என் ஆப் பச்சைன்னு சொல்லிட்டு இருக்கு.

ஒரு விஷயம் நேர்மையாச் சொல்லிடறேன். 39 ஆன உடனே படக்குன்னு உடையாது. ஃபோர்க்கை அதோட கெபாசிட்டியைப் போல 3 மடங்கு பாரத்தைத் தாங்கற மாதிரிதான் டிசைன் பண்றாங்க. அப்போ கால்வாசி போனா என்னன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. அந்த உபரி பலம் சும்மா வெச்சது இல்ல. ஃபோர்க்லிஃப்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது. 2.5 டன்னைத் தூக்கிட்டு டாக் பிளேட்டு மேல ஏறும்போது அந்தக் குலுக்கல் மொத்தமும் ஹீல்ல இறங்கும். பேலட்டைக் கோணலா எடுத்தா ஒரு ஃபோர்க்கே முக்கால்வாசி எடையை வாங்கும். தினம் நூத்துக்கணக்கான தடவை இப்படி வளைஞ்சு நிமிர்ந்து அதே ஹீல்ல முடி மாதிரி ஒரு விரிசல் ஆரம்பிக்கலாம். இதையெல்லாம் சமாளிக்கத்தான் அந்த மூணு மடங்கு. அதை நாம தரையில தேய்ச்சே செலவு பண்ணிட்டோம்.

அந்த வண்டியை ஓட்டற பையன் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தான். இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசு இருக்கும். அன்னைக்குக் காலையில ‘ஃபோர்க் சரியா?’ கேள்விக்கு ‘ஆம்’ போட்டவன் அவன்தான். அவன் மேல என்ன தப்பு சொல்றது? ஃபோர்க் இருக்கு, நேரா இருக்கு, நேத்து எப்படி இருந்ததோ இன்னைக்கும் அப்படியே இருக்கு. ஒரு நாள்ல எவ்வளவு தேஞ்சிருக்கும்? கண்ணுக்குத் தெரியற அளவே இல்ல. தேய்மானத்தைப் போய் ஆமா இல்லையான்னு கேட்டது நான்.

நான் நினைச்சேன், ஃபோர்க் ஜோடி ஆர்டர் போட்டா வேலை முடிஞ்சதுன்னு. அண்ணன் தலையை ஆட்டினார். “ஃபோர்க்கை மட்டும் மாத்தினா திரும்ப இதே இடத்துல நிப்போம் தம்பி. இது ஏன் தரையில உரசுதுன்னு கேளுங்க.”

டிரைவர்கள் ஃபோர்க்கை முழுசா இறக்கி, இழுத்துட்டே ஓட்டறது ஒரு காரணம். காலியா ஓட்டினாலும் தரையில இருந்து ஒரு சாண் உயரம் இருக்கணும்னு எல்லா டிரெய்னிங்லயும் சொல்லித் தர்றாங்க. ஆனா அண்ணன் காட்டினது வேற. ஃபோர்க்கைத் தூக்கறது மாஸ்ட்ல ஓடற ரெண்டு செயின். சைக்கிள் செயின் மாதிரி பல்சக்கரத்துல மாட்டி ஓடற செயின் இல்ல இது, லீஃப் செயின். தகடும் பின்னும் மட்டும்தான், ஒரு வழவழப்பான உருளை மேல ஓடும். செயின் நீளுதுன்னு சொல்றோமே, உண்மையில இரும்பு ரப்பர் மாதிரி இழுபடறது இல்ல. ஒவ்வொரு பின்னும் அதோட ஓட்டையும் கொஞ்சம் கொஞ்சமா தேயுது, அந்த இடைவெளி எல்லாம் சேர்ந்து நீளமாத் தெரியுது. செயின் எவ்வளவு நீளுதோ, ஃபோர்க் அவ்வளவு கீழ இறங்கும்.

இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 3 சதவீதம் நீண்டா செயினை மாத்தணும். அந்த வண்டியில ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 19.05 மில்லிமீட்டர். பதினாறு கண்ணி எண்ணினா புது செயின்ல 304.8 வரணும். 313.9 வந்தா மூணு சதவீதம். எங்க அளக்கறோம்ங்கறது முக்கியம். உருளை மேல அடிக்கடி வளைஞ்சு போற பகுதியில அளக்கணும். நுனியில அளந்தா எப்பவுமே புதுசு மாதிரிதான் காட்டும், அந்த இடம் உருளையையே தொட்டிருக்காது. நாங்க அளந்தப்போ 315.

அப்போ இத்தனை நாள் ஃபோர்க் தொங்கினது யாருக்கும் தெரியலையா? தெரிஞ்சிருக்கு. செயின் நுனியில ஆங்கர் போல்ட் இருக்கும், அதுல நட்டை முறுக்கினா ஃபோர்க் மேல வந்துடும். ஒவ்வொரு சர்வீஸ்லயும் யாரோ ஒரு சுத்து, ரெண்டு சுத்து முறுக்கியிருக்காங்க. அண்ணன் விரலை வெச்சுக் காட்டினார், மரை முடிஞ்சு போச்சு, இதுக்கு மேல முறுக்க இடமே இல்ல. முறுக்கினது தப்பு இல்ல, ரெண்டு செயினும் சமமா இழுக்கறதுக்குத்தான் அந்த நட்டு. ஆனா முறுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்திருக்கணும். சாஃப்ட்வேர்ல எரர் வந்தா டைம்அவுட்டை ஏத்தி விட்டுட்டுப் போவோமே, அதே புத்திதான். நான் பண்ணியிருக்கேன்.

செயின்ல இன்னொண்ணு. மேல கொழகொழன்னு கிரீஸ் பூசியிருந்தா நல்லாப் பராமரிக்கறாங்கன்னு நினைக்காதீங்க. தேய்மானம் நடக்கறது பின்னுக்கும் தகடுக்கும் நடுவுல, கெட்டி கிரீஸ் அங்க உள்ள போகாது. அதோட தூசியைப் பிடிச்சு வெச்சுக்கும். உள்ள இறங்கற மாதிரி ஆயில் போடணும். மாத்தும்போது ரெண்டு செயினையும் சேர்த்து மாத்தணும். பழைய செயின்ல ரெண்டு கண்ணி மட்டும் புதுசா சேர்க்கறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

செயினோட நிக்கல. அண்ணன் முன் டயர்கிட்ட உட்கார்ந்தார். குடோன் வண்டிகள்ல பெரும்பாலும் சாலிட் டயர்தான், உள்ள காத்து கிடையாது, முழுக்க ரப்பர். பஞ்சர் ஆகாதுங்கறதால எல்லாரும் அதை மறந்துடறாங்க. அதோட பக்கச்சுவர்ல ஒரு கோடு இருக்கும், 60 ஜே கோடுன்னு சொல்வாங்க. ரப்பர் அந்தக் கோடு வரைக்கும் தேஞ்சா டயர் முடிஞ்சது. மூணாம் நம்பர் வண்டியில இடது டயர் கோட்டைத் தொட்டுடுச்சு, வலது டயர்ல இன்னும் கொஞ்சம் மிச்சம். ஃபோர்க்லிஃப்டுல மாஸ்ட் முன் ஆக்சில்லதான் நிக்குது. டயர்ல 2 சென்டிமீட்டர் ரப்பர் தேஞ்சா மாஸ்ட்டும் ஃபோர்க்கும் 2 சென்டிமீட்டர் தரைக்குக் கிட்ட வருது. இப்போ புரியுதா? டயர் தேயுது, செயின் நீளுது, ரெண்டும் சேர்ந்து ஹீலைத் தரையில அழுத்துது. தேஞ்சது ஃபோர்க், ஆனா தேய்ச்சது இந்த ரெண்டும்.

ஒரு பக்க டயர் மட்டும் தேஞ்சா இன்னொரு ஆபத்து. ரெண்டு முன் டயருக்கும் நடுவுல ஒரு மீட்டர் தூரம்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு 1 சென்டிமீட்டர் தாழ்வா இருந்தா தரையில தெரியவே தெரியாது. நாலரை மீட்டர் உயரத்துல அதே சாய்வு நாலரை சென்டிமீட்டர். அந்த உயரத்துல ரேக்குக்குள்ள பேலட்டை நுழைக்கற டிரைவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் டயரையும் ஒரே ஆக்சில்ல ஜோடியா மாத்தச் சொல்றாங்க.

மத்த பார்ட் எல்லாம் வேகமா. லிஃப்ட் சிலிண்டர்ல ஆயில் கசிஞ்சா சீல் கிட் மாத்துவாங்க. ஆனா ராட்ல கீறல் இருந்தா புது சீலும் சீக்கிரமே போயிடும், முதல்ல ராடைத் தடவிப் பார்க்கணும், அதுவும் வண்டியை ஆஃப் பண்ணி, பிரஷரை இறக்கினதுக்கு அப்புறம். ஹோஸ்ல எங்க கசியுதுன்னு கையை வெச்சுத் தேடவே கூடாது. உள்ள 150 பாருக்கு மேல பிரஷர், கார் டயர்ல இருக்கறது 2 பார் சொச்சம். ஊசி ஓட்டை வழியா வர்ற ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். பார்க்க சின்னக் காயம், ஆனா ஆபரேஷன் வரைக்கும் போகும். ஒரு அட்டையை நீட்டிப் பார்க்கணும். பேட்டரி வண்டின்னா டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் ஆனதுக்கு அப்புறம் ஊத்தணும், முன்னாடியே நிரப்பினா சார்ஜ் ஆகும்போது ஆசிட் பொங்கி வெளிய வரும். லெட் ஆசிட்டைக் கழட்டிட்டு லித்தியம் போடறவங்களுக்கு ஒண்ணு, அந்தப் பழைய பேட்டரியோட எடையும் சேர்ந்துதான் வண்டி பின்னாடி சாயாம இருக்கற... மன்னிக்கணும், முன்னாடி கவிழாம இருக்கற கணக்கு. எடை குறைஞ்சா அதுக்கு ஈடா இரும்பு வைக்கணும்.

சரி, கதைக்கு வர்றேன். அண்ணன் சாவியைத் தன் பாக்கெட்லயே வெச்சுக்கிட்டார். மேனேஜர் வந்தார். மாசக் கடைசி, டிஸ்பாட்ச் குவிஞ்சு கிடக்கு. அவரும் கெட்ட மனுஷன் இல்ல, அவருக்கும் மேல இருந்து போன் வந்துட்டே இருக்கு. “ஆப்ல பச்சைதானே இருக்கு?”ன்னு என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அன்னைக்கு அங்க இல்லாம இருந்திருந்தா, அந்தப் பச்சையைக் காட்டியே அண்ணன்கிட்ட இருந்து சாவியை வாங்கியிருப்பாங்க. அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது. அண்ணனோட முப்பது வருஷ அனுபவத்துக்கு எதிரா நிக்கறதுக்கு நான் ஒரு கலர் செஞ்சு கொடுத்திருக்கேன்.

“சார், அந்தப் பச்சை தப்பு”ன்னு சொன்னேன். 0.75 கணக்கை ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினேன். அவர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு வாடகை வண்டிக்கு போன் பண்ணினார்.

பர்ச்சேஸ்ல இருந்து ஒரு கேள்வி வந்தது. ஹீல்ல வெல்ட் வெச்சு கிரைண்ட் பண்ணி 45 ஆக்கிட முடியாதா? அளவு வந்துடும், பலம் வராது. ஃபோர்க் சூடுபடுத்திப் பதப்படுத்தின ஸ்டீல். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துடும், அதுவும் அதிக அழுத்தம் வாங்கற இடத்துலயே. அடுத்த கேள்வி, எங்கேயாவது விலை குறைவா கிடைக்குமா? ஃபில்டர், பல்பு, ஹாரன் மாதிரி ஐட்டத்துக்கு லோக்கல்ல நல்ல கடை பார்த்து வாங்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, அண்ணனும் அப்படித்தான் வாங்கறார். ஃபோர்க்குக்கு மட்டும் அதோட பக்கவாட்டுல அடிச்சிருக்கற முத்திரையைப் பார்க்காம வாங்க மாட்டார். 3 டன் வண்டின்னா ஒவ்வொரு ஃபோர்க்குலயும் குறைஞ்சது 1500, 500ன்னு இருக்கணும். 500 மில்லிமீட்டர் தூரத்துல எடையோட மையம் இருந்தா ஒரு ஃபோர்க் 1500 கிலோ தாங்கும்னு அர்த்தம். முத்திரையே இல்லாத ஃபோர்க் வெறும் இரும்புத் துண்டு. மாட்டற கேரேஜோட கிளாஸும் ஒத்துப்போகணும், இந்த வண்டிக்கு கிளாஸ் 3. அது தப்பா வந்தா மாட்டவே முடியாது, திருப்பி அனுப்ப ஒரு வாரம் போகும்.

டயரும் செயினும் முதல்ல வந்தது, ஃபோர்க் அப்புறம். வண்டி ஒன்பது நாள் நின்னது.

அந்த ஒன்பது நாள்ல ஆப்பை மாத்தினேன். டிரைவர் தினமும் பார்க்கறது அப்படியே இருக்கு, விரிசல், ஒழுகல், பிரேக், ஹாரன். அதெல்லாம் கண்ணால பார்த்துச் சொல்லக்கூடியதுதான். அதோட மாசம் ஒரு தடவை மெக்கானிக் நம்பர் போடணும். ஹீல் தடிமன், பதினாறு கண்ணி நீளம், டயர்ல கோட்டுக்கு மேல எவ்வளவு ரப்பர் மிச்சம். ‘சரி’ன்னு போட வழியே கிடையாது. போன மாசம் 43.1, இந்த மாசம் 42.8ன்னு வந்தா, 40.5 எப்போ வரும்னு ஒரு கோடு போட்டுக் காட்டும். பார்ட் ஆர்டர் போடறதுக்கு அதுவே போதும், வண்டியை நிறுத்திட்டுக் காத்திருக்க வேண்டாம். செயின் நட்டை முறுக்கினா எத்தனை சுத்துன்னு எழுதணும். இந்த ஃபீல்டு அண்ணன் கேட்டு வாங்கினது.

மத்த வண்டிகளையும் அளந்தோம். இன்னொரு வண்டியில செயின் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுட்டு இருந்தது. ரெண்டு வண்டியில டயர். டேஷ்போர்டு இப்போ முன்ன மாதிரி அழகா இல்ல. மஞ்சள் நிறைய இருக்கு. ஒரு மீட்டிங்ல “ஏன் இவ்வளவு மஞ்சள்?”னு ஒருத்தர் கேட்டார், மேனேஜரே பதில் சொல்லிட்டார்.

புது ஃபோர்க் மாட்டின அன்னைக்கு நானும் போயிருந்தேன். பழைய ஜோடி ஷெட்டுக்கு வெளிய கிடந்தது. ஸ்கிராப்காரர் வண்டி வர்றதுக்கு முன்னாடி அண்ணன் கேஸ் கட்டரை எடுத்துட்டு வந்து ரெண்டையும் சரியா ஹீல்ல வெட்டினார். எதுக்குண்ணான்னு கேட்டேன்.

“முழுசாக் கொடுத்தா பெயிண்ட் அடிச்சு வேற எவனாவது வண்டியில ஏத்திடுவான் தம்பி.”

வெட்டின துண்டு ஆறுற வரைக்கும் அந்த டிரைவர் பையன் பக்கத்துலயே நின்னான். அப்புறம் காலிப்பரை வாங்கி அவனே ஒரு தடவை அளந்து பார்த்தான்.